பேரிக்காய்க்குப் புளிப்பு ஏன் வேண்டும்

போன ஆவணியில் கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் மாமாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு கூடையில் நாட்டுப் பேரி, இன்னொன்றில் வால் பேரி. பழச்சாற்றின் சர்க்கரையைப் பார்க்கப் பயன்படும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் இரண்டின் சாற்றையும் சொட்டு விட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான், 12. மாமா இரண்டிலும் ஒரு கீற்று வெட்டி வாயில் போட்டார். வால் பேரி இனித்தது. நாட்டுப் பேரி புளித்தது, கூடவே துவர்த்தது.

“மாப்ளே, மிஷின் பொய் சொல்லுதா, என் நாக்கு பொய் சொல்லுதா?”

இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மலையில் பேரி பற்றிப் பேசுகிற எல்லாரும் “சக்கரை ரகம்”, “சக்கரை ஏறின காய்” என்றுதான் பேசுகிறார்கள். புளித்தால் சர்க்கரை குறைவு, இனித்தால் சர்க்கரை அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை நம்பி நல்ல மரத்தை வெட்டியவர்களும் உண்டு, இனித்த காயின் விதையைப் போட்டுப் பத்து வருஷம் காத்திருந்து ஏமாந்தவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பானகத்திலிருந்து தொடங்குவோம்

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியில் பானகம் கொடுப்பார்கள். இரண்டு குடத்தில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு வெல்லம் போடுங்கள். ஒன்றில் ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள், மற்றதில் நான்கு பிழியுங்கள். வெல்லம் ஒன்றேதான். ஆனாலும் இரண்டாவது குடத்தைக் குடித்தவர் “இனிப்பு பத்தலையே” என்பார். புளிப்பு இனிப்பை அழித்துவிடவில்லை. நாக்கில் இரண்டும் சேர்ந்து விழும்போது ஒன்று மற்றதன் குரலை அமுக்குகிறது, அவ்வளவுதான்.

இப்போது எலுமிச்சையே இல்லாத மூன்றாவது குடம். முதல் மிடறு இனிக்கும். அரை டம்ளர் உள்ளே போனதும் திகட்டும். வெறும் வெல்லத் தண்ணீரை யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவதில்லை. பேரிக்காயும் அப்படித்தான். புளிப்பு அறவே இல்லாத பேரி, தண்ணீரில் சீனி கரைத்த மாதிரி சப்பென்று இருக்கும்.

ஆக, நாக்குக்குத் தெரிகிற இனிப்பு வேறு, காய்க்குள் இருக்கும் சர்க்கரையின் அளவு வேறு. இடையில் நிற்பது புளிப்பு.

காய்க்குள் ஒரு சர்க்கரை இல்லை, நான்கு

“சர்க்கரை” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பேரிக்காயில் இருப்பவை நான்கு. ஃபிரக்டோஸ் என்பது பழச்சர்க்கரை. குளுக்கோஸ், ரத்தத்தில் அளக்கிறோமே, அதே சர்க்கரை. சுக்ரோஸ் என்பது நாம் காபியில் போடும் சீனி. ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பதுதான் அது. நான்காவதான சார்பிட்டால் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பேரியைப் புரிந்துகொள்ள அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலைதான் மரத்தின் சமையலறை. பெரும்பாலான செடிகள் இலையில் சமைத்ததைச் சுக்ரோஸாகக் கட்டிக் காய்க்கு அனுப்புகின்றன. பேரி, ஆப்பிள், பிளம்ஸ், பீச் ஆகிய இந்த ரோஜாக் குடும்பத்து மரங்களோ பெரும்பகுதியைச் சார்பிட்டாலாக அனுப்புகின்றன. கறாராகச் சொன்னால் சார்பிட்டால் சர்க்கரை இல்லை, சர்க்கரையிலிருந்து உண்டாகும், இனிப்பு குறைந்த ஒரு பொருள். சீனியின் இனிப்பை 1 என்று வைத்தால் சார்பிட்டாலுக்கு 0.6 அளவுதான். காய்க்குள் வந்து சேர்ந்ததும் ஒரு நொதி அதைப் பிடித்து ஃபிரக்டோஸாக மாற்றுகிறது. நொதி என்றால் செல்லுக்குள் வேதிமாற்றத்தை விரைவாக நடத்தும் புரதம். கூடவே வரும் கொஞ்சம் சுக்ரோஸை இன்னொரு நொதி இரண்டாக வெட்டுகிறது. அதிலிருந்தும் பாதி ஃபிரக்டோஸ் கிடைக்கிறது.

இரண்டு வாய்க்காலும் ஒரே குளத்தில் விழுவதால் பேரியில் ஃபிரக்டோஸ் மிகுந்துவிடுகிறது. ஐரோப்பிய வகைப் பேரி 100 கிராமில் மொத்தச் சர்க்கரை சுமார் 10 கிராம் என்றால், அதில் 6 கிராமுக்கு மேல் ஃபிரக்டோஸாகவே இருக்கும். சீனியைவிட இனிப்பு கூடியது ஃபிரக்டோஸ். குளுக்கோஸோ சீனியைவிடக் குறைவு, சுமார் 0.7. எனவே ஒரே எடைச் சர்க்கரை உள்ள இரண்டு காய்களில் எதில் ஃபிரக்டோஸின் பங்கு கூடுதலோ, எதில் சார்பிட்டால் மாறாமல் தங்கிவிடவில்லையோ, அது அதிகம் இனிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஃபிரக்டோஸ் குளிர்ச்சியாக இருக்கும்போது கூடுதலாக இனிக்கும், சூடேறினால் இனிப்பு குறையும். அதிகாலைக் குளிரில் மரத்தடியில் கடித்த பேரி, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வெயிலில் அதே ருசியாக இல்லை என்று சொல்பவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை.

ரகத்துக்கு ரகம் இந்தக் கலவை மாறும். மொறுமொறுப்பான ஆசியப் பேரிகளில் சில, காய் முற்றும் கடைசி வாரங்களில் சுக்ரோஸை நிறையச் சேர்த்துக்கொள்ளும். ஜப்பானின் கோசுய் அப்படிப்பட்டது. ஐரோப்பியப் பேரிகளில் சுக்ரோஸ் பொதுவாகக் கொஞ்சம்தான்.

புளிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

பேரியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் மாலிக் அமிலம், ஆப்பிளில் இருக்கிற அதே அமிலம். துணைக்குச் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சையின் அமிலம். பெரும்பாலான ரகங்களில் மாலிக் முன்னால் நிற்கும், சில ரகங்களில் சிட்ரிக் முந்திவிடும்.

அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் 5, 6 சதவீதம். பேரியில் பல ரகங்களுக்கு அரை சதவீதம்கூட வராது. மொறுமொறுப்பான ஆசியப் பேரிகளில் 0.1, 0.2 என்று நிற்பவை உண்டு. சீனாவின் வடகிழக்கிலும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் விளையும் உசூரி இனப் பேரிகளில் அது பல மடங்கு கூடும்.

இந்த இடத்தில்தான் நான் மாமாவிடம் கொஞ்சம் நிறுத்திப் பேசினேன். சாகுபடியில் இருக்கும் பேரிகளின் சர்க்கரை எண் பெரும்பாலும் 10க்கும் 15க்கும் நடுவில்தான் ஆடும். மேலே போனால் ஒன்றரை மடங்கு. அமிலமோ 0.1லிருந்து 0.5வரை போனாலே ஐந்து மடங்கு. அப்படியென்றால் இரண்டு ரகங்கள் ருசியில் வெகுதூரம் விலகி நிற்பதற்குப் பல சமயம் காரணம் சர்க்கரை இல்லை, அமிலம். நாம் அளக்காமல் விட்டதுதான் நாக்கில் பெரிய வேலை செய்கிறது.

அமிலம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது? பழச் செல்லின் நடுவில் நுண்குமிழி என்ற ஒரு பை உண்டு. செல்லின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. சர்க்கரையும் அமிலமும் சேர்வது அந்தத் தொட்டியில்தான். அமிலம் உள்ளே போக, தொட்டியின் சுவரில் புரதத்தாலான வாசல்கள் இருக்கின்றன. வாசல் நன்றாகத் திறக்கிற ரகத்தில் புளிப்பு சேரும், மந்தமாகத் திறக்கிற ரகத்தில் சேராது. இதைப் பின்னால் மறுபடி எடுக்கிறேன்.

காய் பழுக்கும்போது அமிலம் குறையும், ஏனென்றால் காயும் மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்கு விறகாக மாலிக் அமிலத்தை எரிக்கிறது. வெப்பமான இரவில் மூச்சு வேகமாகி அமிலம் சீக்கிரம் தீரும், குளிர்ந்த இரவில் மிஞ்சும். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலிலும் அதைவிடத் தாழ்ந்த பெருமாள்மலை ஊரிலும் ஒரே ஒட்டுக் கன்றை வைத்தாலும் காயின் புளிப்பு ஒன்றாக இராது. ரகத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இடத்தையும் பார்க்க வேண்டும்.

எப்படி அளப்பது

மாமாவிடம் நான் காட்டிய ரிஃப்ராக்டோமீட்டர், சாற்றுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. சாற்றில் கரைந்தது கூடக்கூட வளைவும் கூடும். அந்த எண்ணைப் பிரிக்ஸ் என்பார்கள். 100 கிராம் கரைசலில் 1 கிராம் சீனி இருந்தால் 1 பிரிக்ஸ். ஆனால் கருவிக்குச் சீனி எது, சார்பிட்டால் எது, அமிலம் எது என்று தெரியாது. கரைந்த எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். சந்தையில் மூட்டையை எடை போடுவது மாதிரி. உள்ளே கேரட்டா பீன்ஸா என்று தராசுக்குத் தெரியாது.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்குத் தயாரிக்கப்பட்டவை. கொடைக்கானலில் காலை 10 டிகிரியில் வைத்துப் பார்த்தால், தானே வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளாத கருவி சுமார் அரை பிரிக்ஸ் கூட்டிக் காட்டும். இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள வித்தியாசமே அரை பிரிக்ஸ்தான் என்றால் அந்த ஒப்பீடு வீண். காயின் காம்புப் பக்கச் சாறும் அடிப்பக்கச் சாறும்கூட ஒன்றாக இருக்காது. நீளவாக்கில் கீற்று வெட்டி, நாலைந்து காயின் சாற்றைக் கலந்து பார்ப்பதே முறை.

அமிலத்தை அளக்கும் வேலையைத் தரம்பார்த்தல் என்பார்கள். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடித்தவர்களுக்கு நினைவிருக்கும். 10 மில்லி சாற்றில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் அடர்த்தியுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வந்து நின்றதும் எத்தனை மில்லி இறங்கியது என்று பார்த்து 0.067ஆல் பெருக்கினால் மாலிக் அமிலக் கணக்கில் சதவீதம் கிடைக்கும். 3 மில்லி என்றால் 0.2 சதவீதம், 6 மில்லி என்றால் 0.4. வீட்டில் செய்கிற வேலை இல்லை. அந்தக் காரம் கண்ணிலும் தோலிலும் படக் கூடாது. பள்ளி, கல்லூரி ஆய்வகம் உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

இரண்டு எண்ணும் கிடைத்தால் சர்க்கரையை அமிலத்தால் வகுக்கலாம். அதுதான் சர்க்கரை அமில விகிதம். 12 பிரிக்ஸ், 0.2 அமிலம் என்றால் 60. அதே 12 பிரிக்ஸுக்கு 0.4 அமிலம் என்றால் 30. மாமாவின் இரண்டு கூடைகளுக்கும் இடையே இந்த மாதிரி ஒரு தூரம்தான் இருந்திருக்கும்.

விகிதம் கிடைத்துவிட்டது என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மறுபடியும் சறுக்கும். 9 பிரிக்ஸும் 0.15 அமிலமும் உள்ள தண்ணீர்க் காய்க்கும் விகிதம் 60தான். பானகத்தில் பாதி தண்ணீர் விட்டு நீர்த்தாலும் வெல்லத்துக்கும் எலுமிச்சைக்கும் உள்ள விகிதம் மாறாது, ருசி மட்டும் போய்விடும். அதனால் ரகம் தேர்ந்தெடுப்பவர் இரண்டு எண்ணையும் தனித்தனியாக நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இதுவரை வந்தது இதுதான்: பிரிக்ஸ் கரைந்ததன் மொத்தத்தைச் சொல்லும், தரம்பார்த்தல் அமிலத்தைச் சொல்லும், இரண்டும் சேர்ந்தால்தான் ருசியின் உருவம் தெரியும்.

துவர்ப்பைப் புளிப்பு என்று எண்ணாதீர்கள்

மாமா “புளிக்குது” என்று சொன்னதில் ஒரு பங்கு துவர்ப்பு. அது டானின் என்ற பொருளின் வேலை. டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கும். வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடாமல் சமைத்தால் இழுக்குமே, அந்த இழுப்பு. கடிக்கும்போது நறநறப்பது வேறு: சதைக்குள் கெட்டித்த கல் செல்கள். தாவரவியல் பாடத்தில் கல் செல்லுக்கு எடுத்துக்காட்டே பேரிக்காய்தான். இந்த இரண்டையும் பிரிக்ஸும் தனியாகக் காட்டாது, அமிலக் கணக்கும் காட்டாது.

எந்த நாளில் பறித்த காய்?

ஐரோப்பிய வகைப் பேரி மரத்தில் பழுப்பதில்லை. மரத்திலேயே விட்டால் நடுப்பகுதி பழுப்பேறி மாவாகிவிடும். முற்றியதும் பச்சையாகப் பறித்து வைத்துத்தான் பழுக்க வைக்க வேண்டும். அப்போது காய்க்குள் மிச்சமிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக உடையும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது இதற்குத்தான். காய் வெளியிடும் எத்திலீன் என்ற வாயு பானைக்குள் தங்கிப் பழுப்பதைத் தூண்டுகிறது. ஆசிய வகைப் பேரியோ மரத்திலேயே தின்னும் பதத்துக்கு வந்துவிடும், கடைசி வரை மொறுமொறுப்பும் போகாது.

நம் மலையில் இரண்டையும் ஒரே நாளில் பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று, “இது நல்ல ரகம், அது சொத்தை ரகம்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பழுத்த பிறகும் இதை இங்கே பெரும்பாலும் பேரிப்பழம் என்பதில்லை, பேரிக்காய்தான். பழுக்க வைக்க வேண்டிய ஒன்றைக் காயாகத் தின்று பழகிய நாக்கு நம்முடையது. எனக்கும் அந்தக் காரம் தொட்ட காய் பிடிக்கும், ஆனால் ரகத்தை எடைபோடும் நாளில் அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரகத்தையும் அதனதன் பதத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இனித்த காயின் விதை ஏன் ஏமாற்றுகிறது

பேரி மரம் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. தன் பூவின் மகரந்தம் தன் சூலகத்தில் விழுந்தாலும் அதன் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு விதைக்கும் அப்பா வேறொரு மரம். எந்த மரம் என்று தேனீக்குத்தான் தெரியும். இனித்த காயின் விதையைப் போட்டால் அம்மா பாதி, முகம் தெரியாத அப்பா பாதி. அதே இனிப்பு அப்படியே வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி. ஒட்டு என்பது பழைய மரத்தின் நீட்சி, பிள்ளை இல்லை. நாட்டுப் பேரியை வேர்ச்செடியாக வைத்து மேலே நல்ல ரகத்தை ஒட்டுவது இங்கே பழக்கம்தான்.

புது ரகம் வேண்டும் என்பவர்தான் விதைக்குப் போக வேண்டும். அங்கே சர்க்கரையும் அமிலமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சர்க்கரை, பிள்ளைகளின் உயரம் மாதிரி. ஏராளமான மரபணுக்கள் ஆளுக்கொரு சிறு பங்கு போடுகின்றன. பெற்றோர் இருவரின் சராசரியைச் சுற்றியே பெரும்பாலான பிள்ளைகள் வரும், ஓரிரண்டு மட்டும் தாண்டி நிற்கும். அமிலத்தில் சில மரபணுக்களின் பங்கு பெரிது. பேரியின் நெருங்கிய உறவான ஆப்பிளில் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் 17 இணைக் குரோமோசோம்கள். ஆப்பிளின் 16ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, முன்னே சொன்ன நுண்குமிழியின் வாசல் புரதத்தைக் கட்டுகிறது. அம்மா தந்த பிரதி, அப்பா தந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால் வாசல் மந்தமாகிப் பழம் புளிப்பற்றுப் போகிறது. ஒரு பிரதி நல்லதாக இருந்தாலும் புளிப்பு வந்துவிடும். அதனால்தான் இரண்டு புளித்த ஆப்பிள்களுக்குப் புளிக்காத பிள்ளையும் பிறக்க முடியும்.

புளித்த மரம் இனவிருத்திக்கு ஆகாது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. சர்க்கரை நிறைந்து புளிப்பு இல்லாத ஆசியப் பேரியையும், சர்க்கரையோடு புளிப்பும் உள்ள இன்னொன்றையும் சேர்த்தால், பிள்ளைகளில் ஒன்றாவது இரண்டும் அளவாக அமைந்து வரலாம். இரண்டு சப்பைக் காய்களைச் சேர்த்தால் அந்த வாய்ப்பு அரிது. அதோடு, நம் மலையின் மிதமான குளிருக்குப் பல தலைமுறையாகப் பூத்துக் காய்த்துக் காட்டிய மரம் நாட்டுப் பேரி. அந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் அது பிள்ளைக்குக் கொடுக்கும்.

நீலகிரியிலும் வளர்க்கப்படும் கீஃபர் ரகம் பிறந்த கதை இதற்குப் பக்கத்தில் வரும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஆசிய மணல் பேரி மரம் ஒன்றின் விதையிலிருந்து தற்செயலாக முளைத்தது அது. அப்பா பெரும்பாலும் இங்கிலாந்தில் பிறந்த வில்லியம்ஸ் ரகமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். தாயின் நறநறப்பு அதில் உண்டு, தாயின் உரமும் உண்டு. பச்சையாகத் தின்பதைவிட டப்பாவில் அடைக்கவும் வேகவைக்கவும்தான் அதற்குப் பேர். ஜப்பானின் நிஜிசெய்கி, “இருபதாம் நூற்றாண்டு” என்று பொருள்படும் பெயர் கொண்ட ரகம், 1888இல் சிபா பகுதியில் ஒரு குப்பைமேட்டில் தானாக முளைத்த கன்று. இப்படித் தற்செயலாகக் கிடைத்ததைத்தான் இனவிருத்தி செய்பவர் திட்டமிட்டுத் தேடுகிறார். பூ விரிவதற்கு முன்னே மகரந்தப் பைகளைக் கிள்ளி, தேர்ந்தெடுத்த அப்பாவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, உறை போட்டுக் கட்டுகிறார். விதை கன்றாகி முதல் காய் காட்டப் பல சமயம் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும், பத்தும் ஆகலாம். அதன் பிறகே பிரிக்ஸ், தரம்பார்த்தல் எல்லாம்.

மாமா அந்த நாட்டுப் பேரியை இந்த வருஷம் வெட்டிவிட்டு வால் பேரி ஒட்டு வைப்பதாக இருந்தார். இப்போது வெட்டவில்லை. அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை இழுத்து, பக்கத்தில் வால் பேரியின் மேல் இன்னொன்று இழுத்திருக்கிறார். அடுத்த பூவுக்குத் தூரிகையும் காகித உறையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அதில் காய் கிடைத்து, விதை முளைத்து, அந்தக் கன்று முதல் முறை காய்க்கும்போது, இப்போது அங்கன்வாடிக்குப் போகிற அவர் பேத்தி பத்தாம் வகுப்பில் இருப்பாள். பியூரெட் பிடிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்கிறார்.